காலமறிந்து களம் சேர்வோம்

காவிரி பாயும் இம்மண்ணில் பிறந்தவர்க்குக் காலத்தின் அருமையை எவரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா என ஆண்டுதோறும் நாம் எதிர்நோக்கி நிற்பது எதனால்? தண்ணீர் பிந்தினால் குறுவை நடவு பிந்துகிறது. நடவு பிந்தினால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் அகப்படுகிறது. முற்றிய கதிர் வயலிலேயே சாய்கிறது. சில வாரத் தாமதத்தின் விலையை உழவர் குடும்பம் ஆண்டு முழுவதும் கொடுக்க நேர்கிறது.

இதனை நன்கறிந்த இல்லங்களிலிருந்து வரும் நம் மாணவர்கள், கல்லூரித் திடலில் கால்பந்தாட்டம் என்றால் மட்டும், "முதல் பாதி முடியட்டும், போகலாம்" என்று விடுதியிலும் தேநீர்க் கடையிலும் தங்கிவிடுவது வியப்பன்றோ?

கால்பந்து 90 நிமிட ஆட்டம். 45 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள். இடையே 15 நிமிடத்திற்கு மிகாத ஓய்வு. ஆக, ஒன்றே முக்கால் மணி நேரம் வேண்டும். மார்கழியில் நம் பகுதியில் ஆறு மணியளவில் கதிரவன் மறைகிறான். மின்விளக்கில்லாத திடலில், நான்கு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் மஃரிபு பாங்கிற்கு முன் நிறைவுறும். நான்கரைக்குத் தொடங்கினாலோ, இறுதி நிமிடங்களில் பந்தும் தெரியாது. பாங்கொலி கேட்டபின் ஆட்டத்தைத் தொடர மனமும் இராது. சிற்றூர் மாணவர்க்கோ பேருந்தை விட்டுவிடுவோமோ என்ற கவலை வேறு.

1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தை எண்ணிப் பார்ப்போம். தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. பி.கே. பானர்ஜி 17-ஆம் நிமிடத்திலும், ஜர்னைல் சிங் 20-ஆம் நிமிடத்திலும் கோல் அடித்தனர். அரை மணி பிந்தி அரங்கினுள் நுழைந்தவர் எதைக் கண்டிருப்பார்? ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணி அடித்த ஒரே கோலை மட்டுமே! அவ்வணியை உருவாக்கிய ஹைதராபாத்துப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், கொடிய நோயைத் தாங்கிக்கொண்டே தம் கடமையை நிறைவேற்றினார். மறு ஆண்டு மறைந்தார். 2002 உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் துருக்கி வீரர் ஹக்கான் ஷுக்கூர் கோல் அடித்ததோ 11-ஆம் வினாடியில்! அங்கே ஒரு நிமிடத் தாமதமும் பெருந்தாமதமே.

பிந்தி வருபவர் இழப்பது காட்சியை மட்டுமன்று. அண்டைக் கல்லூரி ஒன்றில் நாம் கண்ட ஆட்டம் நினைவுக்கு வருகிறது. சிற்றூரிலிருந்து வந்த எளிய மாணவன் ஒருவன் மூன்றாம் நிமிடத்திலேயே அழகியதொரு கோல் அடித்தான். மகிழ்ச்சியோடு திடலோரம் திரும்பிப் பார்த்தான். கைதட்ட அங்கே பத்துப் பேரும் இல்லை. இடைவேளையில் திரளாக வந்த தோழர்கள், "யார் அடித்தது?" என்று அவனிடமே வினவினர். அவன் புன்னகைத்தானே அன்றி விடை கூறவில்லை. பல மாதங்கள் விடியலில் எழுந்து பயின்றவனுக்கு நாம் தரக்கூடிய பரிசு நம் வருகை ஒன்றே. அதுவும் உரிய நேரத்தில் கிடைத்தால்தான் பரிசு.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவோம். உரிய நேரத்தில் வந்தவன் வெயிலில் காத்திருக்க, பிந்தி வந்தவர்க்கு மாலை விழுமானால், அடுத்த முறை இளைஞன் எந்தப் பாடத்தைப் பின்பற்றுவான்? வீரர்களை வாழ்த்துவதற்கு இடைவேளை இருக்கிறது. பரிசளிப்பு விழாவும் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! வகுப்பு முடிந்ததும் நண்பர் நால்வரை அழைத்துக்கொண்டு திடலை நோக்கி நடப்பீர். அறிவித்த நேரத்திற்குக் கால் மணி முன்பே அமர்வீர். நடுவரின் முதல் ஊதல் ஒலிக்கும்போது நம் வீரர் கண்ணுயர்த்திப் பார்த்தால், திடலோரம் நிறைந்திருக்கட்டும்.