"ஸார், ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும்!"

எனக்குத் திக்குவாய். இப்படி எழுதிவிடுவது சுலபம். வாயால் சொல்லச் சொன்னீர்கள் என்றால் 'தி'யிலேயே மாட்டிக்கொண்டு, நீங்கள் வாட்ச்சைப் பார்க்கிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். இதற்குப் பெயர் வைத்த புண்ணியவான், இது இருக்கிறவனுக்கு வராத எழுத்தாகத் தேடிப்பிடித்து ஆரம்பித்திருக்கிறான். (இங்கிலீஷ்காரன் மட்டும் யோக்கியமா? 'ஸ்டாமரிங்'. எடுத்த எடுப்பிலேயே இரண்டு மெய்யெழுத்து!)

அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. டி.வி. காமெடியைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல உனக்கு என்னய்யா தகுதி என்று கேட்பீர்கள் இல்லையா, அதற்காக. பெரியவர்களில் சுமார் நூறு பேருக்கு ஒருவர் என் கட்சி. பெரும்பாலும் ஆண்கள். நாங்கள் பாடினால் திக்காது. கூட்டத்தோடு சேர்ந்து சொன்னால் திக்காது. தனியாக, அதுவும் போனில், அதுவும் சொந்தப் பெயரைச் சொல்லும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். மற்ற வார்த்தைகளுக்காவது மாற்று வார்த்தை உண்டு. பெயருக்கு என்ன செய்வது?

மாற்று வார்த்தையில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. முப்பது வருஷமாக ஓட்டலில் நான் ஆசைப்பட்டதைச் சாப்பிட்டதில்லை. வாயில் எது வந்ததோ அதைச் சாப்பிட்டிருக்கிறேன். பொங்கல் என்றால் எனக்கு உயிர். ஆனால் 'ப' வராது. சர்வர் இட்லி, வடை, பொங்கல், பூரி என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். பின்னால் நாலு டேபிள் காத்திருக்கும். 'இட்லி' என்று சொல்லிவிடுவேன். இலக்கணத்தில் ஏன் அதற்கு 'உயிரெழுத்து' என்று பேர் வைத்தார்கள் என்பது என்னைப்போல் யாருக்கும் புரிந்திருக்காது.

பல்லாவரத்தில் குடியிருந்த காலத்தில் பஸ்ஸில் 'பல்லாவரம்' கேட்க முடியாது. அடுத்து குரோம்பேட்டை, அதுவும் வராது. 'சானடோரியம்' என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு பல்லாவரத்தில் இறங்கிக்கொள்வேன். முன்னாலேயே இறங்கினால் சட்டப்படி குற்றமில்லையே! தினமும் கொஞ்சம் சில்லறை தண்டம், அவ்வளவுதான்.

சிரியுங்கள். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தூர்தர்ஷன் மட்டும் இருந்த நாளில் காமெடி என்பது வாரத்துக்கு ஒரு ஸ்பூன்தான் கிடைத்தது. 1993-ல் சன் டி.வி. வந்தது. 2005-ல் விஜய் டி.வி.யில் 'கலக்கப் போவது யாரு' ஆரம்பித்தது. அதன்பிறகு ஊர் ஊராகப் பையன்கள் கிளம்பி வந்து மைக்கைப் பிடித்தார்கள். எத்தனையோ திறமைசாலிகள். அந்த மேடையில் நின்ற சிவகார்த்திகேயன் இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அப்பா அம்மா சினிமாக்காரர்களாக இல்லாத ஒரு பையன் திறமையை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வருவதற்கு டி.வி. காமெடி ஒரு வாசலைத் திறந்தது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் ஒரு திக்குவாய் மாப்பிள்ளை வந்தால், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மாப்பிள்ளை நான்தான். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதற்குள் மூன்று பேர் "கு... கு... குட்மார்னிங்" சொல்வார்கள். போன் அடித்தால் எல்லோரும் பவ்யமாக ஒதுங்கி, "நீங்க எடுங்க ஸார்" என்பார்கள். எனக்கு 'கேசட்' என்று பேர். டேப் ரிக்கார்டரில் சிக்கிக்கொண்டு இழுக்குமே, அது. பையன்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பதினோரு மணிக்கு ஓடிவந்து ரத்தம் கொடுத்தவர்களில் இரண்டு பேர் இந்த கோஷ்டி. தொல்லையே அதுதான். கெட்டவன் கிண்டல் பண்ணினால் சட்டையைப் பிடிக்கலாம். ரத்தம் கொடுத்தவனை என்ன செய்வீர்கள்?

ஒருமுறை கவுண்ட்டர் இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு இண்டர்வியூ. எனக்கு சீனியாரிட்டி உண்டு, வேலையும் தெரியும். அதிகாரி ஃபைலை மூடிவிட்டு, "உங்க ஒர்க்ல குறை சொல்ல ஒண்ணுமில்லைப்பா. ஆனா நீங்க பேசினா பப்ளிக் சிரிப்பாங்களே..." என்றார். கிண்டலாக இல்லை, நிஜமான வருத்தத்தோடு சொன்னார். போஸ்ட் வேறொருவருக்குப் போயிற்று. பப்ளிக் ஏன் சிரிக்கப் போகிறது? கண் கண்ணாடி போட்டவனைப் பார்த்து எந்த கவுண்ட்டரிலும் யாரும் சிரிப்பதில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அவர்களுக்கு யாரோ வாரா வாரம் பாடம் எடுத்திருக்கிறார்கள்.

நம் காமெடி நிகழ்ச்சிகளில் திக்குவாய்க்காரன் வந்தால் அவன் அரை லூஸாகத்தான் இருப்பான். குண்டான பெண் வந்தால் சோபா உடையும். கறுப்பாக ஒருவர் வந்தால் 'கரண்ட் போச்சா' என்று ஒரு குரல். ஒரு ஆண் புடவை கட்டிக்கொண்டு வந்து இடுப்பை ஒடித்தால் போதும், வசனமே தேவையில்லை, நடுவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுவார். ஏன் இப்படி? விஷயம் தெரிந்த ஒரு ஸ்க்ரிப்ட் எழுதும் நண்பர் சொன்னார்: "அஞ்சு நிமிஷம்தான் ஸ்லாட் ஸார். ஒரு கஞ்சனை வெச்சு சிரிக்கவைக்கணும்னா, அவன் கஞ்சன்னு காட்டவே ரெண்டு நிமிஷம் போயிடும். குண்டுன்னா ஸ்டேஜ் ஏறின உடனே தெரிஞ்சுடும்." நியாயமான கணக்குதான். ஒரு குணத்தைக் காட்டுவதற்கு எழுத வேண்டும். உடம்பைக் காட்டுவதற்கு ஆள் வந்தால் போதும்.

இதை ஆபீஸில் சொன்னபோது சின்ன வயசுப் பையன் ஒருவன் மடக்கினான். "ஸார், ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும். நீங்க மட்டும் கவுண்டமணி காமெடி பாத்து சிரிக்கலையா? அவர் செந்திலைத் திட்டாத திட்டா?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். (ஆபீஸ் நேரத்தில்தான்.)

கவுண்டமணி திட்டுவார், உதைப்பார், வாஸ்தவம். ஆனால் 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஜெயிப்பது யார்? ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, இன்னொரு பழம்தான் இது என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கும் செந்தில்தான். ஊரையே அதட்டுகிறவர், ஒரு வாழைப்பழக் கணக்குக்குப் பதில் சொல்ல வழியில்லாமல் துடிக்கிறார். நாம் சிரிப்பது அந்தத் துடிப்பைப் பார்த்து. வடிவேலு இன்னும் ஒரு படி மேலே. 'வின்னர்' (2003) கைப்புள்ளையில் அடிவாங்குவது அவரேதான். சிரிப்புக்கான செலவு முழுக்க அவர் கணக்கு. 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிறாரே, அதில் யாருடைய உடம்பும் இல்லை. ஒரு மனிதர் சொல்கிறார், ஒரு மனிதர் பயப்படுகிறார். அறுபது வருஷம் ஆகியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்காகப் பழசெல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்று நான் சொல்லமாட்டேன். அதே கவுண்டமணி படங்களில் தலையையும் நிறத்தையும் வைத்து அடித்த டயலாக்குகளை வகுப்பில் வாங்கிக் கட்டிக்கொண்ட பையன்கள் எத்தனை பேரோ. 'சின்னத்தம்பி'யில் (1991) அவருக்கு மாலைக்கண். சாயங்காலம் ஆனால் தடவ ஆரம்பிப்பார். தியேட்டரே அதிர்ந்தது. வைட்டமின் ஏ குறைந்தால் குழந்தைகளுக்கு நிஜமாகவே வருகிற கோளாறு அது.

இந்த மாலைக்கண் சமீபத்தில் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்வந்தது. 2023-ல் 'ஆங்க் மிச்சோலி' என்று ஒரு ஹிந்திப் படம். ஒரு குடும்பம், ஆளுக்கொரு குறை. மறதி நோய் அப்பா, காது கேட்காத பிள்ளை, மாலைக்கண் பெண், ஒரு திக்குவாய். திக்குவாய்க்கு அதில் என்ன பட்டப்பேர் தெரியுமா? 'சிக்கிக்கொண்ட கேசட்'! ஹிந்தியிலும் அதே கேசட்தான்! தேசிய ஒருமைப்பாடு என்றால் இதுதான் போலிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடும் நிபுண் மல்ஹோத்ரா வழக்குப் போட்டார். 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. படத்தை வெட்டச் சொல்லவில்லை; ஆனால் ஒரு கோடு போட்டார்கள். குறையைப் புரியவைக்கிற நகைச்சுவை ஒன்று, குறை உள்ளவனைக் குறுக்கிவிடுகிற நகைச்சுவை இன்னொன்று, இரண்டும் ஒன்றில்லை என்றார்கள். முப்பது வருஷமாக 'குட்மார்னிங்' வாங்கிய எனக்கு ஜட்ஜ் ஐயாவைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது.

வெளிநாட்டிலும் இந்தப் பஞ்சாயத்து உண்டு. 1988-ல் 'எ ஃபிஷ் கால்ட் வாண்டா' என்ற படத்தில் மைக்கேல் பேலின் திக்குவாயாக நடித்தார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். திக்குவாய்க்காரர்கள் கோபப்பட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் பேலினின் சொந்த அப்பாவுக்கே திக்குவாய். கடைசியில் 1993-ல் லண்டனில் திக்கும் குழந்தைகளுக்காக ஒரு சிகிச்சை மையம் திறந்தபோது அவர் தன் பெயரையே அதற்குக் கொடுத்தார். நம் மாப்பிள்ளை வேஷக்காரர்கள் பில்டிங் எல்லாம் கட்டவேண்டாம். ஒருநாள் எங்களோடு உட்கார்ந்து ஒரு டீ சாப்பிட்டால் போதும். (டீ என் வாயில் வரும். காபிதான் வராது.)

சரி, சட்டம் போட்டு நிறுத்திவிடலாமா? வேண்டவே வேண்டாம் ஸார். சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. சினிமாவுக்கு மாதிரி டி.வி. நிகழ்ச்சிக்கு முன்கூட்டியே சென்சார் கிடையாது. ஆனால் கேபிள் டி.வி. விதிகளில் நிகழ்ச்சி நெறிமுறை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பெண்களை இழிவுபடுத்தக்கூடாது, இனம், மொழி, வட்டாரம் சார்ந்தவர்களை நக்கலாகக் காட்டக்கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தினால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வயலும் வாழ்வும் மட்டும்தான் ஓட்டமுடியும்.

அந்தச் சட்டம் எப்போது கண் விழிக்கிறது என்று பாருங்கள். 2022 பொங்கல் சமயத்தில் ஜீ தமிழில் இரண்டு பொடியன்கள் ராஜா, மந்திரி வேஷத்தில் பணமதிப்பிழப்பைப் பற்றி ஒரு ஸ்கிட் போட்டார்கள். பிரதமரைக் கேலி செய்வதாகப் புகார் போனது. இரண்டே நாளில் மத்திய அரசிடமிருந்து நோட்டீஸ், 7 நாளில் பதில் சொல் என்று. 2016-ல் கிக்கு சாரதா என்ற ஹிந்தி டி.வி. காமெடியன், ஹரியானா சாமியார் குர்மீத் ராம் ரஹீமை மாதிரி ஆடிக்காட்டியதற்காகக் கைது ஆனார். மறுவருஷம் அந்தச் சாமியாருக்கே பாலியல் வன்முறை வழக்கில் 20 வருஷம் ஜெயில் விழுந்தது. ராஜாவையும் சாமியாரையும் கிள்ளினால் அலறுகிற அதிகாரம், குண்டுப் பெண்ணையும் திக்குவாயையும் வருஷக்கணக்கில் குத்தும்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அதனால் பேனாவை அதிகாரியிடம் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. கொடுத்தால் முதலில் அடிபடுவது நல்ல ஜோக்தான்.

இரண்டு வருஷம் முன்பு எங்கள் ஆபீஸ் ஆண்டு விழாவில் நானே மைக்கைப் பிடித்தேன். மேலே சொன்ன இட்லி, சானடோரியம் கதையெல்லாம் திக்கித் திக்கி ஐந்து நிமிஷம். (ஸ்க்ரிப்ட்படி மூன்று நிமிஷம்தான்.) நல்ல சிரிப்பு. 'குட்மார்னிங்' கோஷ்டி முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் ட்ரெய்னியாக வந்திருந்த ஒரு பையன் ஓரமாக வந்து நின்றான். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம், அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அமைதியான பையன் என்று நினைத்திருந்தோம். வெகுநேரம் உதட்டோடு போராடிவிட்டுச் சொன்னான்: "ஸார்... நான் ஏழு மாசமா உ... உப்புமாதான் சாப்பிடறேன்."

மறுநாள் காலை இரண்டு பேரும் கேண்டீனுக்குப் போய், அவசரமே படாமல், ஆளுக்கொரு பொங்கல் கேட்டோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. கேண்டீன்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொங்கல் தீந்துபோச்சு ஸார்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி. போட்டேன். பெண் பார்க்கும் படலம், மாப்பிள்ளை 'வ... வ...' என்று ஆரம்பித்தார். ரிமோட்டை அமுக்கினேன். அடுத்த சானலில் 'வைதேகி காத்திருந்தாள்'. செந்தில் பெட்ரோமாக்ஸ் லைட்டின் மேண்ட்டிலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உடையப் போகிறது என்று தெரியும். என் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.