பயந்த பிள்ளைத்தாச்சி

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது நான் யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவில் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு ஓடவில்லை. கரண்டும் இல்லை, போனும் அணைந்துவிட்டது. வயிற்றில் சின்னதாய் ஒரு இழுப்பு வந்தாலும், பெரியாஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம் என்பதுதான் நினைவுக்கு வரும். "பயப்படாதையடி பிள்ளை, வயித்துப் பிள்ளைக்குக் கூடாது" என்று பெரியம்மா சொல்லச் சொல்ல நடுக்கம் கூடியது.

மகன் பேசப் பிந்தினான். என் பயம்தான் அவன் நாக்கைக் கட்டிப்போட்டது என்று நம்பினேன். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

பிறகு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். கனடாவின் கியூபெக்கில் 1998 ஜனவரியில் பெய்த பனிமழை மின்கம்பங்களையே சாய்த்தது. சில வீடுகள் வாரக்கணக்கில் இருளிலும் குளிரிலும் கிடந்தன. மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர் சூசான் கிங், அப்போது கர்ப்பமாயிருந்த பெண்களிடம் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் கேட்டார்: என்னென்ன கஷ்டம் வந்தது, எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்பது ஒன்று, மனம் எவ்வளவு கலங்கியது என்பது மற்றது. பிள்ளைகளை இரண்டு வயதிலும் ஐந்தரை வயதிலும் பரிசோதித்தபோது, பேச்சிலும் அறிவுத்திறனிலும் தெரிந்த வேறுபாடு தாய் பட்ட நேரடிக் கஷ்டத்தோடுதான் ஒத்துப்போனது. அவள் கலங்கிய அளவு அதை விளக்கவில்லை.

இதைப் படித்தபோது அழுதேன். ஓர் ஆய்வின் சராசரி என் மகனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாது, தெரியும். ஆனாலும், தாயின் உடலில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் ஏறும்போது, அதில் பெரும்பங்கை நஞ்சுக்கொடியிலுள்ள நொதியம் செயலிழக்கச் செய்துவிடுமாம். நான் நடுங்கிய இரவுகளிலும் என் உடம்பு அவனுக்குக் காவல் நின்றிருக்கிறது.

அவுஸ்திரேலியாவில் 2011 ஜனவரி பிரிஸ்பேன் வெள்ளத்தைத் தொடர்ந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. கர்ப்பகாலம் முழுவதும் தெரிந்த ஒரே மருத்துவிச்சி கூட இருந்த தாய்மாருக்கு, வெள்ளத்தால் பட்ட கஷ்டம் கூடியபோதும் பிரசவத்தின் பின் மனச்சோர்வு கூடவில்லை. எனக்கு உடனே எங்கள் ஊர் மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தர் நினைவுக்கு வந்தார். மழை விட்டதும் சேறு மிதித்து வந்து, வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்து முடியும்வரை என்னோடு இருந்தவர் அவர்.

பயப்படாதே என்று சொல்வதற்குச் செலவில்லை. எங்கள் தீவில் வாடைக் காலத்தில் மாதம் நிறைந்தவர்கள் முன்கூட்டியே யாழ்ப்பாணத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஒருவரும் இல்லாதவளுக்குக் கரையில் தங்க ஓர் அறை வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளிலும் அவளை ஏற்றிப்போக ஒரு படகு வேண்டும். இவற்றை அவளுடைய மனத்தைரியத்திடம் கேட்காதீர்கள். பிரதேச செயலகத்திடம், அமைச்சிடம் கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.