பேய்ப் படம் பார்க்கும் அத்தை

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் நானும் என் அத்தையும் ஃபின்லாந்து நாட்டுப் பேய்ப் படம் ஒன்றைப் பார்த்தோம். ‘நொய்ட்டா பலா எலமேன்’ என்பது அதன் பெயர். சூனியக்காரி மறுபடி உயிர்பெறுகிறாள் என்று பொருள். மிக்கா வல்தாரியின் நாடகத்தை வைத்து 1952இல் ரோலண்ட் அஃப் ஹேல்ஸ்ட்ரோம் எடுத்த படம். மாணவிகளுக்குத் திரையிடலாமா என்று முடிவுசெய்ய நான் முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்த அத்தை, முறத்தை மடியில் வைத்தபடி திரையைப் பார்க்கத் தொடங்கினார். ஆங்கில எழுத்துகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

காட்டுப்பக்கத்துக் கிராமம். சதுப்பு நிலத்தைத் தோண்டும் ஆராய்ச்சியாளருக்கு, 300 வருடங்களுக்கு முன்பு சூனியக்காரி என்று கொல்லப்பட்ட பெண்ணின் எலும்புக்கூடு கிடைக்கிறது. எலும்புகளின் நடுவே ஒரு மரமுளை அடிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிடுங்குகிறார்கள். இடி, மின்னல். குழிக்குள் உடுதுணி இல்லாமல் இளம்பெண் ஒருத்தி! மிர்யா மானே என்ற நடிகை கண்ணை உருட்டிச் சிரிக்கிறார். ஊர் நடுங்குகிறது. பெரிய வீட்டு ஆண்களோ ஒருவர் பின் ஒருவராகக் கிறங்கிப் போகிறார்கள்.

இயக்குநர் நாம் பயப்பட வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார். அத்தைக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. வெங்காயக் கண்ணீரும் சிரிப்புக் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன.

“ஏளா, 300 வருசம் மண்ணுக்குள்ள கெடந்திருக்கு அந்தப் பிள்ள. மொதல்ல ஒரு போர்வையக் குடுங்களேம்ல! இவனுவ மூஞ்சியப் பாரு, பேயப் பாத்தவன் மூஞ்சியாளா இது?”

இப்படிப்பட்ட படங்களைத் ‘தெரியாமல் சிரிப்பு மூட்டும் படம்’ என்று விமர்சகர்கள் சொல்வார்கள். காசில்லாமல் எடுத்தது, நடிப்பு மிகை, ஒப்பனை மோசம் என்று காரணம் அடுக்குவார்கள். அத்தை சிரித்தது அதற்காக இல்லை. பேய் என்று காட்டப்பட்டவள் யாரையும் துரத்தவில்லை, ஆண்கள்தான் அவள் பின்னால் ஓடுகிறார்கள் என்பதைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்த முளைய யாரு புடுங்குனான்னுதான் எல்லாவனும் சண்ட போடுதான். யாரு அடிச்சான்னு ஒருத்தனும் கேக்கலையே?”

அத்தை பேய்ப் படம் பார்த்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. என் சின்ன வயதில், பனிமய மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 5ஆம் தேதி முடிந்த பிறகு, தெருவில் வசூல் பண்ணி டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். விடிய விடிய மூன்று படம். மூன்றாவது பேய்ப் படமாகத்தான் இருக்கும். ‘மை டியர் லிசா’, ‘வா அருகில் வா’ எல்லாம் அப்படிப் பார்த்தவைதான். அந்தப் படம் தொடங்கும்போது அத்தையை மட்டும் வீட்டுக்குள் போகச் சொல்லிவிடுவார்கள். “ஏற்கெனவே பிடிச்ச உடம்பு” என்பார்கள். நாங்கள் பிள்ளைகள் போர்வைக்குள் ஒட்டிக்கொண்டு, திரையில் தெரியும் பேய்க்குப் பாதியும் உள்ளே இருக்கும் அத்தைக்குப் பாதியுமாகப் பயந்தோம்.

1991இல் கலைவாணன் கண்ணதாசன் இயக்கிய ‘வா அருகில் வா’வை இப்போது பார்த்தாலும் சிரிப்பு வரும். கொல்லப்பட்ட மருமகளின் ஆவி பொம்மைக்குள் புகுந்து பழிவாங்குகிறது. பொம்மை நடந்துவரும் காட்சியில் பயப்படுவது கடினம். ஆனால் கதையின் அடியில் இருப்பது மாமியார் வீட்டில் கொல்லப்பட்ட ஒரு பெண். அந்த வருடங்களில் ‘ஸ்டவ் வெடித்து’ இளம்பெண் பலி என்று வந்துகொண்டிருந்த செய்திகளை நினைத்துப் பார்த்தால் தொண்டை அடைக்கும். பின்னால் ‘காஞ்சனா’வும் (2011) ‘அரண்மனை’யும் (2014) வந்து, தெரிந்தே சிரிக்கவைக்கும் பேய்ப் படங்கள் வரிசைகட்டின. இவற்றிலும் உயிரோடு இருந்தபோது ஒருத்தி சொன்னால் யாரும் கேட்காத கதையை, செத்த பிறகு ஒரு பிளாஷ்பேக்கில் எல்லாரும் அழுதுகொண்டே கேட்கிறார்கள்.

இது சினிமா கண்டுபிடித்ததும் இல்லை. தெற்கே முப்பந்தலில் கோயில்கொண்ட இசக்கியின் கதையும் பழையனூர் நீலியின் கதையும் நமக்குத் தெரிந்தவை. கொல்லப்பட்ட பெண், சாட்சியாக நின்ற கள்ளிச்செடி, பிறகு கள்ளிக்கிளையையே குழந்தையாக இடுப்பில் ஏந்தித் திரும்பி வரும் பேய். பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் தலைமுடியைப் புளியமரத்தில் ஆணியடித்து அறுக்கும் வழக்கத்தையும் நாம் அறிவோம். ஃபின்லாந்தின் சதுப்பு நிலத்தில் மரமுளை என்றால் நம்மூரில் இரும்பாணி.

பயத்தை மதித்த ஊர்தான் இதுவும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். கடல்கட்டி என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, அப்படிக் கட்டுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் 20இல் ஒரு பங்கு போனது என்கிறார். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பில் ஆங்கிலேய அரசே கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. துரைமார் மந்திரத்தை நம்பினார்கள் என்பதில்லை. அவர் இல்லாவிட்டால் குளியாட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். 1961இல் கடைசி முத்துக்குளிப்பும் முடிந்துபோனது. ஆணின் பயத்துக்கு ஒரு படகுக் கூட்டமே காத்துநின்றது, அரசாங்கம் படியளந்தது. கப்பலுக்குப் போன புருசனை நினைத்து ராத்திரியெல்லாம் விழித்திருந்தவளுக்கு என்ன கிடைத்தது என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

அன்று மாலை இன்னொரு படமும் பார்த்தோம். அதே 1952இல் அதே நாட்டில் எரிக் புளூம்பெர்க் எடுத்த ‘வெள்ளைக் கலைமான்’. அவர் மனைவி மிர்யாமி குவோஸ்மானென் அவரோடு சேர்ந்து கதை எழுதி, நாயகியாகவும் நடித்திருக்கிறார். கான் திரைப்பட விழாவில் 1953இல் பரிசு பெற்ற படம். புதிதாகக் கல்யாணமான பிரீத்தாவின் புருசன் மான் மேய்க்கப் போனால் திரும்ப நாளாகும். அவன் தன்மேல் ஆசையாக இருக்கவேண்டும் என்று அவள் மந்திரவாதியிடம் மருந்து கேட்கப் போகிறாள். அதற்கு விலையாக அவளே வெள்ளைக் கலைமானாக மாறி, தன்னைத் துரத்தும் ஆண்களைச் சாவுக்கு இழுக்கிறாள். கடைசியில் அவள் புருசனே ஈட்டியால் அந்த மானைக் குத்துகிறான். விழுந்து கிடப்பது மனைவி.

இந்தப் படத்துக்கு அத்தை சிரிக்கவில்லை. முடிந்த பிறகு விளக்கைக்கூடப் போடவிடவில்லை.

“அவ கேட்டது அவ புருசனத்தான? வேற எவனையும் கேக்கலையே?” என்றார். பிறகு, முப்பது வருடங்களுக்கு மேலாக என்னிடம் சொல்லாததைச் சொன்னார்.

கல்யாணமான மூன்றாம் மாதம் மாமா சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனார். கடிதம் எழுத வராது. ஊருக்கு வந்த ஆளிடம் ஒரு காசெட்டில் தன் குரலைப் பதிந்து அனுப்பினார். எல்லாரும் தூங்கிய பிறகு அத்தை கதவைச் சாத்தி, டேப்ரெக்கார்டரில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பார். மாமா கேலி பேசுவார், இவர் சிரிப்பார். மாமா கேள்வி கேட்பார், இவர் பதில் சொல்வார். சுவருக்கு அந்தப்பக்கம் மாமியாருக்கு நடுராத்திரியில் ஆம்பளைக் குரலும் மருமகள் சிரிப்பும் கேட்டன.

“காசெட்டுன்னு சொல்லிருக்கலாமே அத்தை?”

“போட்டுக் காட்டுன்னு சொல்வாவளே. அதுல மாமா, ‘இந்தத் தடவ வந்ததும் தனியா வீடு பாத்துப் போயிருவோம், அம்மாட்ட இப்ப சொல்லிராத’ன்னு பேசிருந்தாவ. எப்பிடிப் போட்டுக் காட்ட? ரூமுக்குள்ள ஆம்பளக் குரல் கேட்டா ஒண்ணு கள்ளப் புருசன், இல்லன்னா பேயி. நீயா இருந்தா எதச் சொல்லுவ? பேயின்னுட்டேன்.”

தெற்கே ஒரு கோயிலில் 40 நாள் வைத்திருந்தார்கள். முதல் வாரம் காலில் சங்கிலி. சேலைக்குள் சுருட்டி வைத்திருந்த காசெட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கேட்பதற்குத்தான் டேப்ரெக்கார்டர் இல்லை. “மனப்பாடமாத் தெரியும். மனசுக்குள்ளயே ஓட்டிக்கிடுவேன். சிரிப்பு வந்தா அடக்கணும். சிரிச்சா இன்னும் பேயி எறங்கலன்னுருவாவ” என்று சொல்லி, முழங்காலில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவருடைய கணுக்காலைப் பார்த்தேன்.

மாமா திரும்பிவந்தபோது அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் தனிவீடு போனார்கள். மாமாவும் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. டேப்ரெக்கார்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. காசெட் மட்டும் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டு படங்களையும் மாணவிகளுக்குத் திரையிட்டேன். எந்த இடத்தில் சிரித்தீர்கள், அப்போது திரையில் யார் பயந்துகொண்டிருந்தார்கள் என்று மட்டும் எழுதித் தரச் சொன்னேன். பாதிப்பேர் மரமுளையைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தாள்.

இதை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பேரப் போடாத. காசெட்ட எழுது.”