5 லட்ச ரூபாய்க்கு ஒரு டீம்

போன வாரம் கம்பெனி கணக்கியல் வகுப்பு. "கண்ணால பாக்க முடியாத சொத்துக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கப்பா" என்றார் சார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "தோனி சார்!" வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நீ சொன்னதுலயும் ஒரு விஷயம் இருக்கு. இத்தனை பேரு மஞ்ச சட்டை போட்டுக்கிட்டு வர்றானே, அதுக்கு ஒரு விலை இருக்கு இல்ல? அதை பேலன்ஸ் ஷீட்ல எங்க எழுதுவ?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். ஆனால் இந்தக் கேள்விக்காக எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. விழுப்புரத்தில் ரயில் ஏறி முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று திண்டிவனம் வந்து இறங்கும் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சரி, எழுதிவிடலாம்.

முதலில் ஊருக்கே தெரிந்த கதை. 2008 ஜனவரியில் ஐபிஎல் அணிகளை ஏலம் விட்டார்கள். சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு எடுத்தது. அன்றைய டாலர் விலையில் சுமார் 360 கோடி ரூபாய். அந்தக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் என்.சீனிவாசன் அப்போது கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். வாரியத்தில் பதவியில் இருப்பவர் வாரியம் நடத்தும் போட்டிகளில் வியாபாரத் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 6.2.4 என்றொரு விதி இருந்தது. அதே 2008-ல், "ஐபிஎல் நீங்கலாக" என்று அந்த விதியைத் திருத்தினார்கள். இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனவரும் சென்னைக்காரர்தான், வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ.சி.முத்தையா. 2011-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னதால் விஷயம் அப்படியே நின்றது.

2013-ல் சூதாட்ட விவகாரம் வெடித்தது. சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன் கைதானார். வழக்கு நகர்ந்து நகர்ந்து, 2015 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் டி.எஸ்.தாக்கூர், கலிஃபுல்லா அமர்வு அந்த விதித் திருத்தத்தையே ரத்து செய்தது. அணியும் வேண்டும், வாரியப் பதவியும் வேண்டும் என்றால் நடக்காது, ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றாகிவிட்டது.

நமக்கு வேண்டிய கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்த மாதமே அணியை "சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட்" என்ற தன் துணை நிறுவனத்துக்கு மாற்றியது இந்தியா சிமெண்ட்ஸ். அதாவது வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்கு. அந்த மாற்றத்தில் அணியின் மதிப்பு வெறும் 5 லட்சம் என்று காட்டியிருக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் வாரியத்துக்குள்ளேயே கூச்சல். அணி கைமாறினால் மதிப்பில் 5 சதவீதம் வாரியத்துக்குக் கட்ட வேண்டும். 5 லட்சத்தில் 5 சதவீதம் 25 ஆயிரம் ரூபாய். திண்டிவனத்தில் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் வாங்கும் காசு!

அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஜூலை 14-ம் தேதிதான். லோதா கமிட்டி சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டு வருடம் தடை செய்த நாள். பெரியப்பா டிவியை அணைத்துவிட்டு, சட்டைகூட மாட்டாமல் தெருவில் போய் நின்றார்.

இப்போது கணக்குப் படிக்கிற பிள்ளையாக அந்த 5 லட்சத்தைப் பார்க்கிறேன். கேட்டதும் பெரிய மோசடி போலத்தான் இருக்கிறது. ஆனால் தன் சொந்தத் துணை நிறுவனத்துக்கு மாற்றும்போது எழுதுகிற தொகையும், வெளி ஆளுக்கு விற்றால் கிடைக்கிற விலையும் ஒன்றில்லை. போதாததற்கு கணக்கியல் தரநிலை 26 என்ன சொல்கிறது? தானாக உருவான நற்பெயரைச் சொத்தாக ஏட்டில் எழுதக் கூடாது. காசு கொடுத்து வாங்கியிருந்தால்தான் எழுதலாம். எட்டு வருடமாக சேப்பாக்கத்தில் அடித்த விசில் எல்லாம் ஏட்டுக் கணக்கில் பூஜ்யம். வாரியம் கேட்டதும் நியாயம்தான். இன்று துணை நிறுவனம், நாளை அது வேறு கைக்குப் போனால்? அதனால் ஏட்டு மதிப்பைக் காட்டாதே, சந்தை மதிப்பைக் காட்டு என்றார்கள். எனக்கு உறுத்துவது வேறு. வாரியம் தன் பங்குக்காகக் கேட்டது. கம்பெனி தன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது. அந்த மதிப்பை உருவாக்கிய ஜனத்துக்காக யார் கேட்டார்கள்?

வெளிநாட்டில் ஒரு சமாச்சாரம். அமெரிக்காவில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்று பழைய பேஸ்பால் அணி. 2002-ல் ஒரு அறக்கட்டளையிடமிருந்து ஜான் ஹென்றி குழுவுக்கு 66 கோடி டாலருக்குக் கைமாறியது. அதைவிட அதிகம் தர ஆள் இருந்தும் இவர்களுக்கே கொடுத்தார்கள் என்று புகார். விற்ற காசு தருமத்துக்குப் போக வேண்டியது என்பதால் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலே நடுவில் புகுந்தார். கடைசியில் தரும காரியங்களுக்குக் கூடுதலாக 3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட பிறகுதான் விவகாரம் அடங்கியது. அங்கே வெளியிலிருந்து கேட்க ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி எங்கள் வீட்டுக் கதை. தாத்தா மரக்காணம் ரோட்டில் சின்னதாக சிமெண்ட், பெயிண்ட் கடை வைத்திருந்தார். கிரிக்கெட்டில் ஓவருக்கு எத்தனை பந்து என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் எப்போதோ இந்தியா சிமெண்ட்ஸ் பங்கு 300 வாங்கிப் போட்டிருந்தார். ஏன் தாத்தா என்று கேட்டால், "நான் விக்கிற மூட்டையில எனக்கும் ரெண்டு பிடி இருக்கட்டுமே" என்பார்.

2021-ல் தாத்தா போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்து, வாரிசு சான்றிதழ் வாங்கி, டீமேட் கணக்கைப் பார்த்தபோது இந்தியா சிமெண்ட்ஸ் 300-க்குக் கீழே இன்னொரு வரி. "சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் - 300". பெரியப்பா மூன்று தடவை படித்தார். "டேய், நம்ம அப்பா டீம் ஓனர்டா!"

நடந்தது இதுதான். துணை நிறுவனத்தின் பங்குகளை ஒரு டிரஸ்டுக்கு மாற்றி, பிறகு இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டார்கள். முகமதிப்பு 10 பைசா. இப்படித்தான் எல்.ஐ.சி.யும் சிஎஸ்கே-யில் பங்குதாரர் ஆனது, எங்கள் தாத்தாவும் ஆனார் :-) பங்குச் சந்தையில் பட்டியலிடாத பங்கு என்பதால் தரகர்கள் மூலம்தான் கைமாறும். 2018-ல் 12, 15 ரூபாய்க்குப் போனது, 2022 ஜனவரியில் 200-ஐத் தாண்டியது. அணியின் மொத்த மதிப்பு 7,600 கோடி என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்த நேரத்தில் தாய்க் கம்பெனியான இந்தியா சிமெண்ட்ஸின் மதிப்பே அதைவிடக் குறைவு. பிள்ளை அம்மாவைவிட உயரமாகிவிட்டது!

300 பங்கு, கிட்டத்தட்ட 60 ஆயிரம் ரூபாய். பெரியப்பா, அப்பா, அத்தை மூன்று பேருக்கும் பங்கு உண்டு. சிமெண்ட் பங்குகளை விற்பதில் யாருக்கும் மறுப்பே இல்லை. தாத்தா ஆயுசு முழுக்க அந்த மூட்டைகளைத்தான் சுமந்தார், ஆனாலும் ஒரே நாளில் விற்றுப் பிரித்துக்கொண்டார்கள். சண்டை வந்தது தாத்தா ஒரு நாளும் பார்க்காத டீமுக்குத்தான்.

அத்தை வீட்டில் ஓடு மாற்ற வேண்டியிருந்தது. "விசிலடிச்சா மழை நிக்குமா அண்ணே? என் பங்கைக் குடுத்துடுங்க" என்றார். "அப்பா நெனப்பா இருக்கட்டும்மா" என்றார் பெரியப்பா. "அப்பா நெனப்பு அந்த சிமெண்டுலதான் இருந்துச்சு. அதை வித்தப்ப உனக்கு வலிக்கலயே?" பெரியப்பாவிடம் பதில் இல்லை. நான் இடையில் புகுந்து, "விக்கக் கூடாது, நாமளும் ஓனர்" என்று கத்தி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு மாசம் அத்தை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

முடிவில் ஆளுக்கு 100 என்று பிரித்தார்கள். அத்தை விற்று ஓடு மாற்றினார். அப்பாவும் விற்றார். அந்தக் காசில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வந்தது. இதை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். விற்கக் கூடாது என்று கத்தியவன் நான், விற்ற காசில் படிப்பவனும் நான்.

பெரியப்பா மட்டும் விற்கவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்ட நோட்டீஸ் மெயிலில் வந்ததும் என்னைக் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொன்னார். யாரை ஏலத்தில் எடுக்கலாம் என்று கேட்டிருப்பார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. பார்த்தால் ஆண்டுக் கணக்குக்கு ஒப்புதல், டைரக்டர் மறு நியமனம், ஆடிட்டர் சமாச்சாரம். "அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான் பெரியப்பா. 30 கோடிக்கு மேல் பங்குகள் இருக்கிற கம்பெனியில் 100 பங்கு. கட்டுப்பாடு எப்போதும் பெரிய கைகளில்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸே பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. நிறுவனர் தரப்பு தன் 32.72 சதவீதத்தைப் பங்கு 390 ரூபாய் வீதம் 3,954 கோடிக்கு விற்றது. அதில் சிஎஸ்கே இல்லை, ஏனென்றால் அது 2015-லேயே தனியாகப் பிரிந்துவிட்டது. அன்று பிரிக்காமல் இருந்திருந்தால் சிமெண்ட் மூட்டையோடு மூட்டையாக டீமும் போயிருக்கும். எல்லோரும் திட்டிய அந்த 5 லட்சம் மாற்றம்தான் டீமை இங்கேயே நிறுத்தி வைத்தது. நல்ல எண்ணத்தில் செய்தார்களா, கோர்ட்டுக்குப் பயந்து செய்தார்களா என்றால் இரண்டாவதுதான் என்பேன்.

டீம் போனால் என்ன ஆகும் என்று ஹைதராபாத்காரர்களைக் கேளுங்கள். 2009-ல் கோப்பை ஜெயித்த டெக்கான் சார்ஜர்ஸ், முதலாளி கடனில் மூழ்கியதால் 2012-ல் ஏலத்துக்கு வந்தது. வந்தது ஒரே ஒரு கேட்பு, சென்னையின் பிவிபி வென்சர்ஸ் கேட்ட 900 கோடி. அதை முதலாளி மறுத்தார், வாரியம் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. பிறகு வருடத்துக்கு 85.05 கோடிக்கு சன் டிவி எடுத்தது புது அணியை. பழைய பெயர், பழைய ஜெர்சி எல்லாம் போச்சு. அந்த ரசிகனுக்கு இழப்பீடு என்று எந்தக் கோர்ட்டும் யோசிக்கவில்லை.

நாளை வகுப்பில் சார் மறுபடி கேட்டால் என் பதில் இது: "ஏட்டுல எழுத முடியாது சார். ஆனா விக்கும்போது அதுக்குத்தான் காசு வாங்குறாங்க. அந்தக் காசுல ரசிகனுக்குப் பங்கு கிடையாது, எங்க தாத்தா மாதிரி தெரியாம சிமெண்ட் ஷேர் வாங்கியிருந்தா ஒழிய."

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் கேட்டேன், நல்ல விலை வந்தால் விற்பீர்களா என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "தோனி போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார், சிரித்துக்கொண்டார். சண்டை தீர்ந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பி.கு: உங்கள் வீட்டு பீரோவிலும் தாத்தா பாட்டி வாங்கிய பழைய பங்குப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். தொடர்ந்து 7 வருடம் டிவிடெண்ட் வாங்காமல் கிடந்தால் பங்கே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம், ஆனால் அலைச்சல். டீம் கிடைக்காவிட்டாலும் ஒரு லேப்டாப்பாவது தேறலாம் :-)