குறுக்கு வழியில் கோவிந்தன்

திருப்பதிக்கு நடந்து போவதாகத் தமிழ்நாட்டில் ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அலிபிரி வழி என்றுதான் பொருள். 3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர். மலைக்கு மேற்கே, சந்திரகிரிப் பக்கத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. பெயர் ஸ்ரீவாரி மெட்டு. 2,388 படிகள்; 2.1 கிலோமீட்டர்தான். நடந்து பழகியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் திருமலையைத் தொட்டுவிடுகிறார்கள். ஆனால் மூச்சு வாங்கும். அலிபிரியைப் போல் சமதளத்தில் காலாற நடக்க இங்கே இடம் குறைவு.

வழி குறுகியதுதான், புதியதல்ல. நாராயணவனத்தில் பத்மாவதியை மணந்த சீனிவாசன், புதுமணத் தம்பதி ஆறு மாதம் மலையேறக்கூடாது என்று அகத்தியர் சொன்னதால் அடிவாரத்திலேயே தங்கினானாம். அந்த இடம் சீனிவாசமங்காபுரம். பிறகு தேவியோடு மலையேறியது இந்த வழியில்தான் என்பது ஐதீகம். சந்திரகிரிக் கோட்டையில் தங்கிய விஜயநகர மன்னர்களும் இப்படியே போனதாகச் சொல்கிறார்கள்.

நெடுங்காலம் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் வழியாகவே இருந்த இதற்கு, தேவஸ்தானம் செப்பனிட்ட படிகளும் நிழற்கூரையும் குடிநீரும் கழிப்பறைகளும் வந்தன. மூட்டை முடிச்சுகளை இலவசமாக மேலே சேர்க்கும் ஏற்பாடும், நடந்து வருவோருக்குத் தரிசன டோக்கனும் வந்த பிறகு கூட்டம் பெருகியது. ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைக்கும் பெண்ணைத் தாண்டி, இரண்டிரண்டு படியாக எகிறுகிறார் ஓர் இளைஞர். அவள் வந்தது வேண்டுதலுக்கு. அவர் வந்தது சீக்கிரம் தரிசனம் கிடைக்கும் என்று. இருவர் வாயிலும் 'கோவிந்தா'தான்.

வசதி கூடக்கூட, இது காடு என்பது மறந்துபோகிறது. சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலைத்தொடர். 2021 நவம்பர் பெருமழையில் வெள்ளமும் பாறைகளும் ஸ்ரீவாரி மெட்டுப் படிகளைச் சிதைத்தன. பாதை மீண்டும் திறக்க 2022 மே ஆயிற்று. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் பெற்றோருடன் ஏறிய ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன் பிறகு பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர்களை நடைபாதைகளில் விடுவதில்லை என்று கட்டுப்பாடு வந்தது. பக்தர்கள் கையில் கம்பும் கொடுக்கப்பட்டது.

சிலர் முணுமுணுத்தார்கள். பிள்ளைக்கு மொட்டை போட வருகிறவர்கள், பிள்ளையை விட்டுவிட்டா ஏறுவார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் கூரை வெயிலைத் தடுக்கும், விளக்கு இருட்டைத் தடுக்கும், சிறுத்தையைத் தடுக்காது. தண்ணீர் தேடியும் இரை தேடியும் அது நடமாடும் தடத்தின் குறுக்கேதான் படிக்கட்டு போகிறது. தின்பண்ட மிச்சத்தை வழியில் வீசினால் நாயும் பன்றியும் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். பாதையைச் சுத்தமாக வைத்திருப்பது இங்கே அழகுக்காக மட்டும் அல்ல.

ஸ்ரீவாரி மெட்டில் ஏற நினைப்பவர்கள் விடிந்ததும் கிளம்புவது நல்லது. மாலை 6 மணிக்கு மேல் அனுமதி இல்லை. மலை மேலே அப்போதும் தரிசன வரிசை நகர்ந்துகொண்டிருக்கும். படிகள் மட்டும் அதற்குப் பிறகு காட்டுக்கு.