நல்லவர் சொன்னாலும்

"நம்பகமான வட்டாரங்கள்" என்ற சொற்றொடரோடு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அந்த வட்டாரம் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று ஆசிரிய பீடத்தில் துருவினால், அநேகமாக இரண்டாவது கேள்வியிலேயே பதில் நின்றுவிடும். ஓய்வுபெற்ற பின்னர் மௌலவி நண்பர் ஒருவரிடம் ஹதீஸ் கலையைப் பாடமாகக் கேட்கத் தொடங்கியபோது என்னை வியப்பில் ஆழ்த்தியது இதுதான். அங்கே ஐந்தாவது, ஆறாவது கேள்விக்கும் பெயர் சொல்லியாக வேண்டும்.

ஹதீஸில் செய்தி மத்ன். அதைச் சுமந்து வந்தோரின் பெயர் வரிசை ஸனத். வரிசை அறுபடக் கூடாது. ஒவ்வொருவரும் நேர்மையாளராகவும் நினைவாற்றல் உடையவராகவும் இருத்தல் வேண்டும். செய்தி அதனிலும் வலுவான அறிவிப்புக்கு முரண்படலாகாது. மறைவான குறையும் இருக்கலாகாது. இவை யாவும் பொருந்தினால் ஸஹீஹ். நினைவாற்றல் சற்றே குறைந்தால் ஹஸன். நிபந்தனை தவறினால் ளயீப். இட்டுக்கட்டப்பட்டதெனில் மவ்ளூஃ.

சொல்லாட்சியைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. "எனக்கு அறிவித்தார்" என்பது ஒன்று. "அவரைத் தொட்டும்" என்று பொதுவாகச் சொல்வது வேறொன்று. இடையிலிருந்த ஒருவரை இரண்டாவது சொல் மறைத்துவிடக் கூடும். இதற்குப் பெயர் தத்லீஸ். கூஃபாவின் பேரறிஞர் அஃமஷ் மீதுகூட இக்குறை சொல்லப்பட்டது. எங்கள் தொழிலில் "அறியப்படுகிறது", "தெரிய வருகிறது" என்று எத்தனை தத்லீஸ்கள்!

சீன தேசம் சென்றாயினும் கல்வியைத் தேடுமாறு கூறும் புகழ்பெற்ற வாசகத்தை மேடைகளில் கேளாதவர் நம்மில் குறைவு. அதன் ஸனதில் வரும் அபூ ஆத்திகா என்பவரை இமாம் புகாரி நிராகரித்துள்ளார். இப்னுல் ஜவ்ஸி அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார். இதனை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "நல்ல விசயந்தானே தம்பி, யார் சொன்னா என்ன?" என்றார். நல்ல வாசகம்தான். அதனை நல்ல வாசகமாகவே சொல்லலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரை அதற்கு முன்னால் வைக்கும்போதுதான் கதை மாறுகிறது.

நல்ல நோக்கம் இத்துறையில் செய்த சேதம் கொஞ்சமல்ல. மர்வ் நகரின் காழியாக இருந்த நூஹ் இப்னு அபீ மர்யம், மக்களைக் குர்ஆனின்பால் திருப்பும் எண்ணத்தில் அத்தியாயங்களின் சிறப்புக் கூறும் ஹதீஸ்களைத் தாமே புனைந்ததாக ஒப்புக்கொண்டார் என்று பதிவாகியுள்ளது. பல கலைகளைத் திரட்டியதால் "அல்ஜாமிஃ" என்று பெயர் பெற்றவர் அவர். உண்மையைத் தவிர எல்லாவற்றையும் திரட்டினார் என்று இப்னு ஹிப்பான் குத்தலாகக் குறிப்பிட்டார்.

பொய்யரை ஒதுக்குவது எளிது. நல்லவரை ஒதுக்குவதுதான் கடினம். 790 இல் காலமான எகிப்தின் காழி இப்னு லஹீஆ பொய்யரல்லர். அவரது ஏடுகள் தீக்கிரையான பின்னர் நினைவிலிருந்து அறிவித்தவற்றில் தடுமாற்றம் நேர்ந்தது என்பார்கள். ஆகவே அவரிடம் ஒருவர் கேட்டது எப்போது என்று பார்க்கிறார்கள். இப்னுல் முபாரக் போன்று முன்னரே கேட்டவர்களின் அறிவிப்புக்குப் பலர் மதிப்பளித்தனர்.

இறந்தவரைக் குறை கூறுவது புறம் பேசுவதாகாதா என்ற கேள்வியும் அக்காலத்திலேயே எழுந்தது. மார்க்கத்தைக் காக்கும் தேவைக்காக அதனை அனுமதித்தார்கள். எங்கள் அனுதாபச் செய்திகளில் இதனை நினைத்தும் பார்க்க முடியாது.

இமாம் புகாரியின் ஆசிரியர்களுள் ஒருவர், 849 இல் காலமான அலீ இப்னுல் மதீனீ. அவருடைய தந்தை அப்துல்லாஹ் இப்னு ஜஃபரும் ஹதீஸ் அறிவிப்பாளரே. தந்தையைப் பற்றி மகனிடம் கேட்டார்கள். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றார். அவர்கள் விடவில்லை. தலையைக் குனிந்தார், பின்னர் நிமிர்ந்து, இது மார்க்க விடயம், என் தந்தை பலவீனமானவர் என்றார். திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் அந்தத் தந்தை வழிவந்த அறிவிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை ஆராய்வோர் மகனின் சொல்லையும் சேர்த்தே படிக்கிறார்கள்.