எதிரெதிர் சன்னிதிகளுக்கு நடுவே ஏழு மீட்டர் வண்டி

விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூர் ஆறேழு கிலோமீட்டர்தான். சைக்கிளில் போய் அர்ச்சனை செய்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடலாம். அந்தத் தூரத்துக்குக் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் வைத்த டீசல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். பூக்கட்டும் அம்மா ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "எந்த நடிகரு வந்திருக்காரு?" என்று கேட்டார். என் கணவர் கைலியோடு இறங்கியதும் ஏமாந்துபோனார். பாவம். கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்புதான் நினைவுக்கு வரும். இல்லையென்றால் தேர்தல் பிரசாரம். 1982-இல் என்.டி.ஆர். பழைய ஷெவர்லே வேன் ஒன்றை மாற்றிக் கட்டி 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு ஆந்திரம் முழுக்கச் சுற்றினார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி கோயில் பார்க்க அப்படி ஒன்றில் வருவாள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

வண்டி என்னுடையது அல்ல, தோழியுடையது. மகனோடு கனடாவில் தங்கப் போகிறாள். "இருபத்தஞ்சு லட்சத்துக்குத் தர்றேன், எடுத்துக்கோடி. ஈகோவில குறுக்கி மடக்கி எத்தனை நாள் படுப்பே?" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டாள். ஓட்டிப் பார்த்து முடிவு சொன்னால் போதும் என்றாள்.

எங்களிடம் இருப்பது மாருதி ஈகோ. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நீளம் மூன்றேமுக்கால் மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பின்சீட்டை மடித்து, மேலே பலகையும் மெத்தையும் போட்டால் இருவர் படுக்கலாம். பலகை கழற்றி மாட்டுவது; வண்டியின் உடம்பில் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அப்படி. பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. தோழியின் வண்டியில் அந்த வில்லங்கம் இல்லை. ஃபோர்ஸ் டிராவலரின் நீள மாடலை, ஏ.ஐ.எஸ்.-124 என்ற கேரவன் தரவிதிப்படி கட்டி, ஆர்.சி.யிலும் 'மோட்டார் கேரவன்' என்றே பதிந்திருக்கிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் என்பதால் கார் ஓட்டும் என் எல்.எம்.வி. உரிமமே போதும். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பினோம். பொய் சொல்ல மாட்டேன், அது ஒரு சுகம். 2.6 லிட்டர் டீசல் எஞ்சின், 115 குதிரைத்திறன். மேம்பாலம் ஏறும்போது ஈகோ கியர் கேட்கும் இடத்தில் இது கேட்கவே இல்லை. நடுத்தடுப்பு அரளிச் செடிகளுக்கு மேலாக எதிர்ச்சாலை முழுக்கத் தெரிகிறது. ஆம்னி பஸ் ஒட்டி உரசிக்கொண்டு போனால் ஈகோ ஒரு குலுக்குக் குலுங்கும், இது அசையவில்லை. மயிலம் முருகன் மலையடிவாரத்தில் நிறுத்தி, நின்றபடியே காபி போட்டேன். நின்றபடி! ஈகோவில் குனிந்து குனிந்து அடுப்பு மூட்டிய இடுப்புக்குத்தான் அதன் அருமை தெரியும்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில்தான் முதல் கணக்கு இடித்தது. 2008-ஆம் ஆண்டின் சுங்க விதிகளில் கார், ஜீப், வேனுக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா, இலகு சரக்கு வண்டிக்கும் மினி பஸ்ஸுக்கும் 1 ரூபாய் 5 பைசா என்று அடிப்படை விகிதம் வைத்தார்கள். பிறகு ஆண்டுதோறும் விலை ஏறினாலும் அந்த இடைவெளி அப்படியே நிற்கிறது. தோழியின் வண்டியை மினி பஸ் கணக்கில்தான் பிடிக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸும் சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். எங்கள் ஈகோவுக்கு அது உண்டு. இருநூறு முறை சாவடி தாண்டலாம்.

அதன் பிறகு திருவாமாத்தூர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய நடுநாட்டுத் தலம், பம்பை ஆற்றங்கரை ஊர். பெரும்பாலான ஊர்களில் அம்மன் சன்னிதி சுவாமி கோயிலுக்கு உள்ளேயே இருக்கும். இங்கே அபிராமேசுவரர் கிழக்கே பார்த்து ஒரு கோயில், முத்தாம்பிகை மேற்கே பார்த்து ஒரு கோயில், நடுவே தெரு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு நடுவில் ஏழு மீட்டர் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். ஈகோவை ஒரே ஒடிப்பில் திருப்பிவிடுவேன். இதை முன்னே பின்னே என்று ஆட்டி, டிராக்டர்காரரைக் காக்கவைத்து, ஒரு பையன் "வா வா, இன்னும் வா, நில்லு நில்லு" என்று கத்த, என் கணவர் கண்ணாடியில் தெரியாத இடமாகப் பார்த்து நின்று கைகாட்ட, வேர்த்து விறுவிறுத்துத் திருப்பினேன். சாமி கும்பிடும்போதும், வெளியே யாராவது வண்டியை எடுக்கச் சொல்கிறார்களோ என்று காது வாசலிலேயே இருந்தது.

இந்த ஊருக்கு இரட்டைப் புலவர்கள் கலம்பகம் பாடியிருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை; பார்வையற்றவர் தோளில் நடக்க இயலாதவர் ஏறிக்கொண்டு வழிசொல்ல, தமிழ்நாடெல்லாம் சுற்றியவர்கள். நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து என் கணவர் வழிசொல்வதும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். கோயில் ஆற்றின் இந்தக் கரையில் இருக்க, புலவர்கள் மறுகரையில் இருப்பதாகப் பாடிவிட்டார்களாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். அன்றிரவே வெள்ளம் வந்து, பம்பை தடம் மாறி, பாட்டை மெய்யாக்கியது என்பது கதை. நம்பாதவர்கள் 2024 டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் இருந்திருக்க வேண்டும். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையே வெள்ளத்தில் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. இந்தப் பக்கத்து ஆறுகள் சொல்லிவிட்டு வருவதில்லை.

அம்மன் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. வழக்கு வந்தால் அங்கே சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு தீண்டும் என்பது ஊர் நம்பிக்கை. தம்பியை ஏமாற்றிப் பொய்ச் சத்தியம் செய்த அண்ணன் ஒருவன், தப்பித்தோம் என்று எண்ணிப் போகும் வழியில் தும்பூரில் பாம்பு கடித்து இறந்தான் என்று கதை சொல்வார்கள். அங்கிருந்தே தோழிக்குப் போன் போட்டேன். "வட்டப்பாறைக்கு முன்னாடி நிக்கிறேன். மைலேஜ் பன்னிரண்டுன்னு சொன்னியே, இங்க வந்து சத்தியம் பண்ணுவியா?" சிரித்தாள். "ஏசி போடாம, அறுபதுல போனா பன்னிரண்டு. போட்டா பத்துன்னு வச்சுக்கோ" என்றாள். இரும்பு வியாபாரிகளையும் பழைய வண்டித் தரகர்களையும் அழைத்துவர இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை.

பத்து என்றே வைத்துக் கணக்குப் போட்டேன். அப்போது டீசல் லிட்டர் தொண்ணூற்றிரண்டை ஒட்டி விற்றது. கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய்ச் சொச்சம். பெட்ரோல் நூறைத் தாண்டியிருந்தது, ஆனால் ஈகோ பதினைந்துக்குக் குறையாமல் தருகிறது. ஏழு ரூபாய்க்குள் முடிந்தது. டீசல் மலிவு என்ற பழைய எண்ணம், வண்டி பெரிதாகும்போது செல்லாது.

ஆனால் எங்களைத் தயங்கவைத்தது எண்ணெய்ச் செலவு அல்ல. பழகிய மெக்கானிக் ஒருவர் கேட்ட கேள்விதான். "மேடம், இதை எங்கெங்க ஓட்டப்போறீங்க?" திருவாமாத்தூர், பனைமலை, திருவக்கரை, செஞ்சி என்று அடுக்கினேன். தலையைச் சொறிந்தார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரி வடிகட்டி ஒன்று இருக்கும். டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ள எஞ்சின் நன்றாகச் சூடேறி, நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போவதும், நிறுத்துவதும், மறுநாள் சும்மா கிடப்பதுமாக இருந்தால் கரி அடைத்து விளக்கு எரியும். பிறகு பட்டறை வாசல்தான். தினம் சென்னைக்கும் மதுரைக்கும் ஓடுகிறவர்களுக்கு உகந்த எஞ்சின் அது. எங்களைப் போல மாவட்டத்துக்குள் ஊர்ந்துகொண்டிருப்பவர்களுக்கு அல்ல.

அன்னியூர் பக்கம் பனைமலைக்குப் போனபோது அது இன்னும் தெளிவாயிற்று. ராஜசிம்ம பல்லவன் குன்றின் மேல் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். சிவனின் ஆட்டத்தைக் குடையின் கீழ் நின்று பார்க்கும் உமையின் பழைய ஓவியம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனோம். வழியெல்லாம் நான் பார்த்தது புளியமரக் கிளைகளையும் கரண்ட் கம்பிகளையும். கூரையில் சோலார் தகடு இருக்கிறது, கிளை பட்டால் போச்சு. எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் மண்ணில் இறங்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் நாலு டன்னுக்கு மேல் கனக்கும் வண்டியை யார் இழுப்பது? செஞ்சி சாலையில் மண்டகப்பட்டுக் குடைவரைக்கு வந்த பிறகுதான் தோள் தளர்ந்தது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று கல்லில் வெட்டிவைத்த மகேந்திரவர்மன் முன்னால், மைக்ரோவேவ் அடுப்போடு போய் நிற்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. திருவாமாத்தூரில் கௌமார மடம் நிறுவி, 1898-இல் அங்கேயே அடங்கிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் நாடெங்கும் தலம் தலமாகப் போய்ப் பாடியவர். அவருக்கு எந்த வண்டி இருந்தது என்று என் கணவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு மூட்டுவலி இருந்ததா என்று யாருக்குத் தெரியும்!

இப்போது யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம். பெண்கள் பயணத்தில் படுக்கை முதல் பிரச்சினை இல்லை, கழிப்பறைதான். காலையில் வீட்டில் காபி குடிக்காமல் கிளம்பி, மதியம் வரை தண்ணீரைத் தொடாமல் கோயில் கோயிலாகப் போன தலைமுறை என்னுடையது. வண்டிக்குள்ளேயே கதவு போட்ட கழிப்பறை என்றதும் பாதி மனசு அங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் அதன் அடியில் உள்ள தொட்டி நிரம்பினால் எங்கே கொட்டுவது? ஐரோப்பாவில், அமெரிக்காவில் கேரவன் முகாம்கள் இருக்கின்றன. கழிவை இறக்கத் தனிக் குழி, தண்ணீர் பிடிக்கக் குழாய், மின்சார இணைப்பு எல்லாம் உண்டு. கேரளம் 2021-இல் 'கேரவன் கேரளா' திட்டம் அறிவித்தபோது வண்டியோடு கேரவன் பூங்காக்களையும் சேர்த்தே சொன்னார்கள். அது சரியான யோசனை. இங்கே, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. பெரிய தொட்டி என்றால் பெரிய தலைவலி. ஏரிக்கரையில் திறந்துவிடும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களை வட்டப்பாறைக்குத்தான் அழைத்துப் போக வேண்டும். ஈகோவின் மூலையில் வைக்கும் சிறிய கழிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக் கழிப்பறையிலோ, தங்கும் விடுதியிலோ ஊற்றிக் கழுவிவிடலாம்.

"என்னங்க, என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். "நீதானே ஓட்டுற, நீ சொல்லு" என்றார். வழக்கமான பதில்.

வேண்டாம் என்று தோழிக்குச் சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டியது நிமிர்ந்து நிற்கும் உயரமும் ஒரு கழிப்பறையும். இரண்டாவதைச் சிறிய பெட்டியாக ஈகோவிலேயே வைத்துக்கொண்டாயிற்று. முதலாவதற்காக மட்டும் இருபத்தைந்து லட்சமும் மூன்று மீட்டர் கூடுதல் நீளமும் அதிகம். காசிக்குப் போகும்போது இதே மாதிரி ஒரு டீசல் வண்டியை டிரைவரோடு வாடகைக்கு எடுப்பதாக முடிவு. இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் நெடுஞ்சாலை அது. அந்த எஞ்சினுக்கும் அதுதான் பிடிக்கும்.

வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ, யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கோடையில் ஏசி இல்லாமல் வண்டிக்குள் தூங்க முடியாது. ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. மூடிய வண்டிக்குள் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டாத வண்டியில் இரவு படுக்காதீர்கள்.